சூடு ஆறாத ஓவன்

அந்தத் தெருவில் ஆப்பிள்காரி என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆப்பிள் விற்பவள் அல்ல அவள். ஆப்பிளைத் தோல் சீவி, நறுக்கி, சர்க்கரையும் பட்டைப் பொடியும் புரட்டி, வெண்ணெய் மாவுக்குள் வைத்து மூடிச் சுடுகிறவள். தினமும் ஆப்பிள் பை, ஆப்பிள் பப்ஸ். மனசு நன்றாக இருந்தால் ஆப்பிள் கேக். இரண்டாம் மாடியில் அவள் ஓவனைத் திறந்தால், மூன்றாம் மாடியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் புருஷனும் பெண்டாட்டியும்கூட ஒரு நிமிஷம் நிறுத்தி மூச்சை உள்ளே இழுப்பார்கள். அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாசனை என்பதே தெரியாது என்றால் நம்புவீர்களா? ஏழு மாதமாகத் தெரியாது. அதை யாரிடமும் மூச்சு விடவில்லை.

பதினாறு வருஷம் அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். ரத்தமும் சீழும் படிந்த துணி ஒரு பக்கம், பினாயில் ஒரு பக்கம். வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தாலும் அந்த நாற்றம் தலைமுடியை விட்டுப் போகாது. ஒருநாள் பழக்கடையில் அடிபட்ட ஆப்பிள்களை ஓரமாக ஒதுக்கிக் கொட்டியிருந்தார்கள். சும்மா கிடைத்ததே என்று அள்ளி வந்து, கெட்டுப்போன இடத்தை வெட்டிவிட்டுப் பட்டை போட்டு வேக வைத்தாள். வீடு முழுக்க எழுந்த அந்த மணத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இனி செத்தாலும் பினாயில் பக்கம் போவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள். முதல் ஐம்பது பை கல்லாகவும் களியாகவும் வந்தன; அவள் புருஷன் வாயைத் திறக்காமல் அத்தனையையும் தின்றார். மூடிப்போன ஒரு பேக்கரியிலிருந்து வாங்கிய பழைய கேஸ் ஓவனை நாலு ஆட்கள் மூச்சு வாங்க மாடியேற்றினார்கள். ஆக, வாசனைக்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தவள் அவள். அதுதான் போயிற்று.

பத்து நாள் காய்ச்சல். காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எழுந்த அன்று வழக்கம்போல் ஆப்பிள் தோலையும் பட்டையையும் கொதிக்கவிட்டு ஆவியில் முகத்தைக் காட்டினாள். கன்னம் சுட்டது, கண் எரிந்தது, மணம் மட்டும் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள். தனியாக டாக்டரிடம் போனாள். "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார் அவர். இதைச் சொல்ல எதற்கு அத்தனை படிப்பு என்று திட்டிக்கொண்டே வந்தவள், வீட்டுப் படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள். அதனால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் மறைத்தாள், காதை வைத்து. பையின் மேல்மூடியில் அவள் கீறும் நாலு கீறல் வழியாக உள்ளேயிருக்கும் சாறு கொதிப்பது கேட்கும். முதலில் சளசளவென்று அவசரமாகக் கொதிக்கும். அது வெறும் தண்ணீர். நேரம் ஆக ஆகச் சாறு கெட்டிப்பட்டு, "பொளக்" என்று ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொரு "பொளக்" என்று வரும். அந்த இடைவெளியில் அவள் ஐந்து வரை எண்ண முடிந்தால் பை வெந்துவிட்டது. பப்ஸ் என்றால் அடியில் நகத்தால் தட்டுவாள். காய்ந்த சத்தம் வர வேண்டும். ஆப்பிள் நறுக்கும்போது "நறுக்" என்று ஒடிகிறதா, கத்தியோடு வளைகிறதா என்பதிலேயே அது பைக்கா கேக்குக்கா என்று பிரித்துவிடுவாள். ஏழு மாதமும் ஆஸ்பத்திரி எதிரில் இருக்கும் காபிக்கடைக்குக் காலையில் எட்டு பை, நாற்பது பப்ஸ் போயின. ஒரு குறையும் வரவில்லை.

வந்தது ஒரு வெங்காயத்தால்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கை பேசுகிற அளவுக்கு வாய் பேசாத மனிதர். ஆம்லெட்டுக்குப் பாதி வெங்காயத்தை நறுக்கிவிட்டு, மீதியை மூடாமல் கொள்ளாமல் ஃபிரிட்ஜில் வெண்ணெய் பக்கத்தில் வைத்துவிட்டார். வெண்ணெய்க்குத் தன் குணம் என்று ஒன்று கிடையாது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதை உறிஞ்சிக்கொள்ளும். முன்பெல்லாம் ஃபிரிட்ஜைத் திறந்த மாத்திரத்தில், "யாருங்க இங்க வெங்காயத்தைத் திறந்து வெச்சது?" என்று வீடு அதிரும். இந்த முறை நாலு நாளாகியும் திட்டு விழவில்லையே என்று அவருக்கே ஆச்சரியம். திட்டாத பெண்டாட்டியைப் போய் ஏன் என்று கேட்க அவருக்கென்ன பைத்தியமா? சும்மா இருந்துவிட்டார்.

அந்த வெண்ணெயைத்தான் அவள் மாவில் உதிர்த்தாள். சுட்டாள். ஒரு துண்டு ருசியும் பார்த்தாள். மூக்கு இல்லாத நாக்குக்கு இனிப்பும் புளிப்பும் தெரியும், அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டாள்.

பத்து மணிக்குக் காபிக்கடைக்காரர் போன் செய்தார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இன்னிக்கு பைல வெங்காயம் ஏதாவது போட்டீங்களா?"

"ஆப்பிள் பைல எவளாவது வெங்காயம் போடுவாளா?"

"நர்ஸுங்க எல்லாரும் பாதியிலேயே வெச்சிட்டாங்க அக்கா. கொஞ்ச நாளைக்கு வேண்டாம். நானே சொல்றேன்."

குட்டு வெளிப்பட்டுவிட்டது. கழுகுக்கு மூக்கில் வேர்த்தது போல நாத்தனார் கீழ்வீட்டிலிருந்து ஏறி வந்து நின்றாள். புருஷனுக்கு அக்கா, அந்தக் கட்டடத்திலேயே கூர்மையான மூக்கு அவளுடையது. எந்த வீட்டில் என்ன தீய்கிறது என்று படுத்தபடியே சொல்வாள். வேலைக்குக் கிளம்பிய தம்பி பார்த்துக்கொண்டு நிற்க, மீதமிருந்த ஒரு பப்ஸை எடுத்து முகர்ந்தாள். ஆப்பிள்காரியின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"ஏண்டி, உனக்கு வாசனை தெரியலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அலுத்துவிட்டது. "தெரியலை அண்ணி. ஏழு மாசமாச்சு."

"ஏழு மாசமா! கேஸ் ஓவன வெச்சுக்கிட்டு! கசிஞ்சா யாருக்குத் தெரியும்? மொத்தக் கட்டடமும் போயிடுமே. தம்பி, நீ என்னடா மரம் மாதிரி நிக்கிற?"

அவர் நாத்தனார் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கிட்டகூடச் சொல்லலியே" என்றார் பெண்டாட்டியைப் பார்த்து. நாத்தனார் கத்திய அத்தனையும் சேர்ந்து செய்யாததை அந்த இரண்டு வார்த்தை செய்தது. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனாலும் நாத்தனார் விடுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரர் வந்து ஓவனைத் தூக்கிப் போவார் என்று அறிவித்தாள். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். போதும், சுட்ட வரைக்கும் போதும். கண்ணு தெரியாதவன் பஸ் ஓட்டற மாதிரி இருக்கு."

"என் ஓவன் அண்ணி அது."

"கட்டடம் எல்லாருக்கும் பொது."

கேஸ் விஷயத்தில் நாத்தனார் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் ஆப்பிள்காரிக்கு ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. அநியாயக்காரியோடு மோதுவது சுலபம். பாதி நியாயம் பேசுகிறவளை என்ன செய்வது?

சனிக்கிழமை சாயங்காலம் புருஷன் ஒரு வெள்ளைப் பெட்டியோடு வந்தார். தரையில் உட்கார்ந்து, ஓவனுக்குப் பக்கத்துச் சுவரில் முழங்கால் உயரத்தில் துளை போட்டு அதை மாட்டினார். சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் பிடித்து கேஸை மட்டும் விட்டார். பெட்டி போட்ட கூச்சலில் கீழ்வீட்டு நாத்தனார் செருப்பில்லாமல் ஓடி வந்துவிட்டாள்.

"இனிமே இது மோந்து பார்க்கும்" என்றார் அவர், தரையிலிருந்து எழுந்துகொண்டே. "வெங்காயம் என் தப்பு."

நாத்தனார் முகம் சுண்டிப்போயிற்று. அதற்காக இறங்கி வந்துவிடுவாளா? பிடித்த முயலுக்கு மூன்றே கால். "கேஸுக்கு மணி அடிக்கும். கெட்டுப்போன வெண்ணெய்க்கு எது அடிக்கும்? நாளைக்குக் காலைல ஆள் வராரு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் ஆப்பிள்காரி ஓவனைப் பற்றவைத்தாள். யாரும் பை கேட்கவில்லை. வாங்கவும் ஆள் இல்லை. இருந்த ஆப்பிள் அத்தனையையும் சீவினாள். புது வெண்ணெயைப் பட்டாணி அளவு துண்டுகளாக மாவில் உதிர்த்து, குளிர்ந்த தண்ணீர் தெளித்துப் பிசைந்து, தேய்த்து, மூடி, கீறி, எட்டு பையை உள்ளே தள்ளினாள். ஸ்டூலை இழுத்து ஓவன் முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

ஒன்பது மணிக்குப் பழைய சாமான்காரர் கயிறும் சாக்கும் இரண்டு ஆட்களுமாக வந்தார். பின்னால் நாத்தனார். ஓவன் பக்கம் கையை நீட்டியவர் விருட்டென்று இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா, இப்படிக் கொதிக்குது?"

"வேலை செய்யுது. கொதிக்காம என்ன பண்ணும்?"

"எப்ப ஆறும்?"

"நான் இருக்கிற வரைக்கும் ஆறாது."

இரண்டு ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். நாத்தனார் அவனை முறைத்தாள். "அணைடி. ஆளுங்க எத்தனை நேரம் காத்திருப்பாங்க?"

"காத்திருக்கட்டும். உள்ளே எட்டு பை இருக்கு. பாதி வெந்ததை எடுக்க மாட்டேன், யார் வந்து சொன்னாலும் சரி." சொன்னவள் சட்டென்று கையை உயர்த்தினாள். "கொஞ்சம் பேசாம இருங்க எல்லாரும்."

எல்லோரும் வாயை மூடினார்கள். உள்ளேயிருந்து மெல்லக் கேட்டது: பொளக். அவள் விரல் மடக்கி எண்ணினாள். பொளக். எழுந்து, கதவைத் திறந்து, ஏழு தட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தாள். "பின்னாடி வலது பக்கம் இருக்கிறது இன்னும் ஆகலை. அந்த மூலைல சூடு கம்மி" என்று கதவைச் சாத்தினாள்.

பழைய சாமான்காரர் மேஜையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் ஒரு பையை அறுத்து மூன்று பேருக்கும் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். விரலை நக்கினார். கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நாத்தனாரிடம் சொன்னார்: "நான் ஓடாத சாமானைத்தான் வாங்கறது. இது ஓடுது."

ஆட்கள் இறங்கிப் போன பிறகும் நாத்தனார் அங்கேயே நின்றாள். கோபமாகத்தான் நின்றாள். ஆனால் நாசித் துவாரம் இரண்டும் விரிந்து விரிந்து மூடின. அதை அவளால் தடுக்க முடியவில்லை. கடைசியில் ஃபிரிட்ஜைத் திறந்து, வெண்ணெயை எடுத்து முகர்ந்து, டக்கென்று திரும்ப வைத்தாள்.

"இது நல்லா இருக்கு. தினமும் காலைல வந்து பார்ப்பேன். உனக்காக இல்லை, என் தம்பி பேர் கெடக் கூடாதுன்னு."

"வாங்க அண்ணி. ஆனா மூக்கு வெண்ணெயோட நிக்கணும். அதுக்கு மேல நுழையக் கூடாது."

வீடு ஒருவழியாகப் படிந்தது. காபிக்கடை மீதி இருந்தது. திங்கட்கிழமை, யாரும் கேட்காமலேயே, தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். காபிக்கடைக்காரர் கையைப் பிசைந்தார். "அக்கா, நான்தான் சொன்னேனே..."

"சொன்னீங்க. நான் கேட்டுக்கலை."

தட்டைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்து, அதற்கு முன்னால் ஓர் அட்டையைச் சாய்த்து நிறுத்தினாள். வீட்டில் இருந்த தடித்த பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியது: "இதைச் சுட்டவளுக்கு வாசனை தெரியாது. உங்களுக்குத் தெரியும். குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நிறுத்து என்று மட்டும் சொல்லாதீர்கள்."

"ஐயோ அக்கா, இதைப் படிச்சா எவன் வாங்குவான்?"

"வாங்காதவன் போகட்டும்."

வழக்கமாகத் தட்டை வைத்ததும் கிளம்பிவிடுகிறவள் அன்று பெட்டி பக்கத்திலேயே நின்றாள். பழைய முகங்கள் உள்ளே வந்தன, படித்தன, அவளைப் பார்த்தன, வெறும் காபியோடு உட்கார்ந்தன. ஏழு மாதம் ஒளித்து வைத்ததை ஊர் முழுக்கப் படிக்கக் கொடுத்துவிட்டு நிற்பது சுலபம் இல்லை. காது மடல் சுட்டது. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஒற்றைக்காலிலாவது நிற்பேன் என்று அவள் நின்றாள்.

வேலை முடிந்து தலைமை நர்ஸ் வந்தாள். சலவைப் பிரிவு நாளிலிருந்து அவளைத் தெரியும். துணியில் ஒரு கறை இருந்தால் மூட்டையோடு திருப்பி அனுப்பியவள். அட்டையை நின்று நிதானமாகப் படித்தாள். ஒரு பை வாங்கி, நின்றபடியே கடித்து, மென்றாள். கடையே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நேரே சொல்லலாமா?"

"அதுக்குத்தான் நிக்கறேன் சிஸ்டர்."

"வெங்காயம் இல்லை. மாவு நல்லா பொரபொரன்னு இருக்கு." இன்னொரு கடி கடித்தாள். "பட்டை தூக்கலா இருக்கு. இன்னிக்கு மட்டுமில்ல, கொஞ்ச மாசமாவே. யார் கிட்டப் போய்ச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

கொஞ்ச மாசமாவே. மணம் எட்டாத ஏக்கத்தில் தன் கை தனக்கே தெரியாமல் ஒவ்வொரு சிட்டிகையாகக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அழவில்லை. மேஜைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பெட்டிப் பக்கம் வருவதைப் பார்த்தாள்.

"சரி சிஸ்டர்," என்றாள், "நாளைக்குக் குறைச்சுப் போடறேன்."