விழுந்த இமை, நிமிர்ந்த தலை

போன வாரம் பதுளை ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் என்னையும் என் மகளையும் மாறி மாறிப் பார்த்த நர்ஸம்மா ஒரு கேள்வி கேட்டார். "இதில நோயாளி யாருங்க?"

நியாயமான கேள்விதான். மகள் செல்விக்குக் கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. எனக்கோ இரண்டு இமையும் பாதிக் கதவு சாத்தின கடை மாதிரி. நர்ஸம்மா என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கப் பார்த்தார்.

"நான் இல்லீங்க, இவதான்" என்றேன். அவர் நம்பவில்லை. சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தலையைப் பின்னால் சாய்த்துப் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் கையை விட்டார்.

சிரிக்கலாம். ஆனால் நாங்கள் போன காரியம் சிரிப்புக்கானது இல்லை. செல்வியின் வலது கண்ணுக்குப் பார்வை வந்திருக்கிறதா, இல்லையா... அதை டொக்டர் சொல்லப்போகிற நாள் அது.

என் இமைகள் பிறவியிலேயே விழுந்தவை. அம்மா கிரகணத்தன்று வெற்றிலை கிள்ளினாளாம், அதனால்தானாம். நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளில் எந்தப் பிள்ளைக்கு என்ன குறை இருந்தாலும் பெற்றவள் கிரகணத்தில் எதையோ கிள்ளியிருப்பாள். தகப்பன்மார் மட்டும் எந்தக் கிரகணத்திலும் எதையும் கிள்ளுவதில்லை போலிருக்கிறது! விஷயம் ஒன்றுமில்லை. இமையைத் தூக்குகிற சின்னத் தசை பலமில்லாமல் பிறந்துவிட்டால் இமை இறங்கிவிடும். அவ்வளவுதான். இதற்குத் தூங்குமூஞ்சி, அரைக்கண்ணி என்று எத்தனை பெயர்!

எங்கள் தேயிலைத் தோட்டம் அப்புத்தளைக்குக் கீழே. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளைக்கு முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் எல்லோரும் குனிந்தார்கள். நான் கொழுந்து பறிக்கப் போன முதல் நாளே நிமிர்ந்து நின்றேன். வீரமெல்லாம் இல்லை. இமை விழுந்தவள் தலையைத் தூக்கினால்தான், இமைக்குக் கீழே இருக்கிற சந்து வழியாக எதிரில் நிற்பவன் முகம் தெரியும்.

கணக்கப்பிள்ளைக்கு இது புரியுமா? "என்னடி, மானத்த பாத்துக்கிட்டு நிக்கிற? தலையக் குனி" என்றார்.

"குனிஞ்சா ஒங்க செருப்புதாங்க தெரியும்" என்றேன்.

உள்ளதைச் சொன்னேன். களமே சிரித்துவிட்டது. அன்றைக்கு எனக்கு வேலை கிடையாது, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? அடுத்த முறை மாதர் சங்கத்துக்குத் தலைவி தெரிந்தெடுக்கும்போது பெண்கள் என் பெயரைச் சொன்னார்கள். பெரட்டில் நிமிர்ந்து நின்ற பெண் இவள் ஒருத்திதானாம். நான் பதறிப்போய், அது தைரியம் இல்லை, இமைக் கோளாறு என்று விளக்கினேன். என்னோடு கொழுந்து பறிக்கிற பொன்னம்மாக்கா ஒரே பேச்சில் முடித்தார். "இமையாவது கிமையாவது. நீ பாட்டுக்கு நில்லு. நாங்க ஒம் பின்னால நிக்கிறோம்."

இல்லாத வீரத்துக்காகக் கை தூக்கினார்கள். தூக்கிய பிறகு அந்த வீரத்தை நான் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று!

பிடித்தேன். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைக்காம்பராவில் தண்ணீர் இல்லை. குழாய் கேட்டு, தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் ஆபீசுக்குப் போனேன். இவள் எதற்கும் துணிந்துதான் வந்திருக்கிறாள் என்று துரை பிறகு யாரிடமோ சொன்னாராம். நான் அவர் முகத்தைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தேன், வேறொன்றுமில்லை. குழாய் வந்தது. அதற்குப் பிறகு மேடை, மேடைப் பேச்சு, பேசினதை எழுதிக் கொடு என்றார்கள், எழுதினேன்... இந்தப் பத்தி வரைக்கும் வந்து நிற்கிறது. நிமிர்ந்து நிற்கிறவளிடம் ஏன் நிமிர்ந்தாய் என்று ஊரே கேட்கும். குனிந்து நிற்கிறவனிடம் ஏன் குனிந்தாய் என்று யாராவது கேட்டதுண்டா?

கல்யாணத்துக்குப் படம் எடுத்த பண்டாரவளை ஸ்டூடியோக்காரர் பென்சில் பூசி என் கண்ணைத் திறந்துவிட்டிருந்தார். படத்தில் யாரோ ஒருத்தி முழித்துக்கொண்டிருந்தாள். பென்சிலை எடுத்துவிட்டு வேறு பிரதி போடச் சொல்லி, போடும்வரை கடையைவிட்டு நகரவில்லை. என் முகம் இது. எவனுக்காகவும் திருத்தமாட்டேன். இப்படித்தான் இருந்தேன், செல்வி பிறக்கும்வரை.

செல்விக்கும் அதே இமை. வலது பக்கம் இன்னும் மோசம். அவளும் தலையைத் தூக்கித்தான் நடந்தாள். தாயைப் போலவே திமிர் என்று பக்கத்து வீட்டில் சொன்னபோது எனக்கு மனம் குளிர்ந்தது என்றால் பாருங்கள்! பஸ் டிப்போவில் வேலை செய்கிற என் கணவர்தான், டொக்டரிடம் காட்டுவோம் என்று நச்சரித்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன கையோடு, ஒப்பரேஷன் வேண்டாம், இது எங்கள் குடும்பக் கண் என்று சொல்லிவிட்டேன்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னோடு வாதாடவில்லை. செல்வியின் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினார். "அம்மா எங்க நிக்கிறா, காட்டுங்கோ" என்றார்.

பிள்ளை தலையைத் தூக்கினாள். இன்னும் தூக்கினாள். முகம் கூரையைப் பார்த்தது. கை மட்டும் நான் இல்லாத பக்கத்தில் தேடியது.

"உங்கட இமை கருமணிய மறைக்கேல்ல. அது முகத்தின்ர விஷயம், விரும்பினா விடலாம்" என்றார் டொக்டர். "பிள்ளைக்கு வலது பக்கம் முழுசா மூடிக் கிடக்கு. வெளிச்சம் போகாத கண் பார்க்கப் பழகாது. வளர்ந்த பிறகு தூக்கிப் பிரயோசனம் இல்லை."

என் பெருமை அந்த அறையில் வாயை மூடிக்கொண்டது. ஒப்பரேஷனுக்கு எப்போது கொழும்புக்குப் போகவேண்டும் என்று கேட்டேன்.

என்னைப் போன்றவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு என்றார். மூக்குக் கண்ணாடியில் வளைந்த கம்பி வைத்து இமையைத் தாங்க வைக்கலாம். தசையில் கொஞ்சம் பலம் இருந்தால் அதையே வெட்டிச் சுருக்கித் தைக்கலாம். செல்விக்கு அந்தப் பலமும் இல்லை. தொடையிலிருந்து நார் போன்ற சதையை எடுத்து, இரண்டு இமைகளையும் நெற்றித் தசையோடு கட்டிவிட்டார்கள். புருவத்தை உயர்த்தினால் இமையும் உயரும். தூங்கும்போது கண் முழுதாக மூடாது, களிம்பு போட வேண்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாக இருந்த இமை ஒருநாள் திடீரென்று விழுந்தால் மந்திரித்த கயிற்றைத் தேடி ஓடாதீர்கள். அது வேறு நோயின் அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கே டொக்டரிடம் போங்கள்.

இமையைத் தூக்கினால் போதாது, கண்ணைப் பழக்க வேண்டும். நல்ல கண்ணை ஒட்டி மறைத்து, வலது கண்ணாலேயே பார்க்க வைத்தோம். அழுதாள். சுவரில் மோதினாள். ஒட்டினதைப் பிய்த்துப் போட்டாள். நான் திரும்ப ஒட்டினேன். அவள் பிடிவாதக்காரி... ஆனால் நான் அவளைப் பெற்றவள்.

போன வாரம் அந்த எழுத்துப் பலகைக்கு முன்னால் அவளை நிறுத்தி, டொக்டர் இடது கண்ணை மூடினார். செல்வி பழக்கத்தில் தலையைத் தூக்கினாள். பலகைக்கு மேலே சுவர்தான் தெரிந்திருக்கும். ஒரு எழுத்தும் வரவில்லை.

"தலைய இறக்கிப் பாருங்கோ மகள்" என்றார் டொக்டர்.

இறக்கினாள். மேல் வரியைச் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள். மூன்றாவதில் ஓர் எழுத்துத் தடுமாறி, தானே திருத்திக்கொண்டாள். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊரில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

இனிமேல் சாதாரணமாகத் தலையை வைத்துப் பார்க்கலாம், குனிந்தும் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். வாசலுக்கு வந்ததும் பிள்ளை என் கையை இழுத்தாள்.

"அம்மா, நான் குனிஞ்சா நீ திட்டுவியா?"

"புத்தகத்துக்குக் குனிஞ்சுக்க" என்றேன். "மத்ததுக்கு யோசிச்சுக்கலாம்."