நிறுத்த முடியாத பிக்கப்பும் கையைக் காட்டிய அண்ணனும்

இன்று காலை நாற்றுக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு வலங்கைமான் பக்கம் போகும்போது பழைய பிக்கப்பின் கிளட்ச் வயர் அறுந்தது.

கார்புரேட்டரில் ஏற்கெனவே அடைப்பு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் அணைந்துவிடும். அணைந்தால் அந்தப் பாரத்தோடு தள்ள ஆளில்லை. வயலில் நடவு ஆட்கள் காத்திருந்தார்கள். அதனால் இரண்டாவது கியரிலேயே நிற்காமல் ஓட்டினேன்.

பஸ் நிறுத்தத்தில் என் அண்ணன் நின்றிருந்தார். நிலம் பிரித்ததிலிருந்து இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. இன்று என் வண்டியைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

நான் நிறுத்தவில்லை. "கிளட்ச் இல்லண்ணே" என்று கத்தியது அவர் காதில் விழவில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

ஒரு கிலோமீட்டர் தள்ளி, யாருடைய பைக்கிலோ பின்னால் உட்கார்ந்தபடி என் பக்கத்தில் வந்தார்.

"நான் கையக் காட்டுறேன், நீ பாட்டுக்குப் போற?"

"கிளட்ச் வயர் அறுந்துபோச்சுண்ணே. நின்னா கிளம்பாது."

கொஞ்சம் யோசித்தார். பிறகு பைக்கை முன்னால் விடச் சொல்லி, மெக்கானிக் கடை வரை ஆடு, டிராக்டர், டவுன் பஸ் எல்லாவற்றையும் கையசைத்து ஒதுக்கிவிட்டார்.

மெக்கானிக் புது வயர் போட்டு, கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்தார். கடையில் இருந்தவரை அண்ணன் பேசியது ஒரே வாக்கியம்.

"கார்புரேட்டர வருஷத்துக்கு ஒருதடவையாவது கழட்டிப் பாக்கணும்டா."

வேலை முடிந்ததும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இது சமாதானமா, வெறும் லிஃப்ட்டா? அண்ணன் தம்பி உள்ளவர்கள் சொல்லுங்கள்.