கட்டடம் இல்லாத படிப்பு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர்வீட்டு சுடலைமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றார். எட்டுத் தறி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தாலும் தறிச் சத்தத்தை மீறிப் பேசுகிற மாதிரியேதான் பேசுவார்.

"யக்கா, நம்ம கோமதி என்னமோ ஆக்சுவரி ஆகணும்ங்கா. அது நெசமான படிப்புதானா, இல்ல ஏமாத்தா? நீங்க சரின்னா சரி."

ஏன் என்னிடம்? நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பது ஒரு காரணம். நிஜக் காரணம் என் சந்தேக புத்தி. அது தெருவுக்கே தெரியும். பஸ்ஸில் 'திருவேங்கடம்' என்று கொட்டை எழுத்தில் போர்டு இருந்தாலும் டிரைவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன். அவர் தலையாட்டினால் போதாது... வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

அவர் மகள் கோமதியைக் கூப்பிட்டு விசாரித்தேன். பிளஸ் டூ முடித்த பெண். எந்த வயதுக்காரருக்கு எவ்வளவு பிரீமியம் வாங்கினால் கம்பெனி தாங்கும் என்று கணித்துச் சொல்கிறவர்தான் ஆக்சுவரி என்றாள். அந்த பிரீமியம் அட்டவணையை ஆபீஸில் தினமும் புரட்டியிருக்கிறேன். அதை யார் போடுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இதுதான் என் சந்தேகத்தின் லட்சணம்.

"சரி, என்ன படிக்கணும்?"

"பிளஸ் டூ போதும் அத்தை, நுழைவுத் தேர்வு எழுதலாம். கணக்கு, புள்ளியியல், இங்கிலீஷ், கொஞ்சம் லாஜிக். பாஸானா அதுக்குமேல பத்துக்கும் மேல பேப்பர் இருக்கு. ஒண்ணொண்ணா எழுதணும். கூடவே டிகிரி படிக்கலாம், வேலையும் பார்க்கலாம்."

"எந்த காலேஜ்?"

"காலேஜ் கிடையாது."

"பரீட்சை எங்கன?"

"நுழைவுத் தேர்வ வீட்டுல இருந்தே எழுதலாம்."

"எத்தன வருஷத்துல முடியும்?"

"சொல்ல முடியாது. நெறைய பேரு ஃபெயிலாவாங்க."

நானும் சுடலைமுத்துவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலேஜ் இல்லை. எப்போது முடியும் என்று தெரியாது. வீட்டில் உட்கார்ந்து பரீட்சை. இது படிப்பா?

எங்கள் ஊரில் பிள்ளையைக் காலேஜில் சேர்ப்பதும் மாப்பிள்ளை வீடு பார்ப்பதும் கிட்டத்தட்ட ஒன்று. வேன் பிடித்து நாலு பேர் போவோம். கட்டடத்தை அண்ணாந்து பார்ப்போம். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போம். அப்புறம்தான் பேச்சே. இந்தப் படிப்பில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

அந்த நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்தது. 'ஒரே வருடத்தில் ஆக்சுவரி. வேலைக்கு உத்தரவாதம்.' கீழே திருநெல்வேலி விலாசம். ஆஹா, விலாசம் இருக்கிறதே! வேன் பிடித்துவிட்டோம்.

கண்ணாடிக் கதவு, ஏசி, மீன் தொட்டி. குழாயில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. கோட் போட்ட ஒரு தம்பி எல்லாக் கேள்விக்கும் சிரித்த முகமாகப் பதில் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன்... எனக்குப் பிடித்துப்போனது. சுடலைமுத்து சேர்க்கை ஃபாரத்தையே கேட்டுவிட்டார்.

கோமதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உங்ககிட்ட படிச்சவங்கள்ல எத்தன பேரு ஃபெயில் சார்?"

"இங்க யாருமே ஃபெயிலாக மாட்டாங்கம்மா."

எழுந்துவிட்டாள். "யாருமே ஃபெயிலாகாத பரீட்சைய எந்தக் கம்பெனி மதிக்கும்?" என்று வேனில் கேட்டாள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது. அன்றிலிருந்து எனக்கு ஆக்சுவரி என்ற சொல்லைக் கேட்டாலே ஆகாமல் போயிற்று. தேர்வு நடத்துகிற நிஜமான அமைப்பின் வெப்சைட்டைக் கோமதி காட்டினாள். நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க புதன்கிழமை கடைசி. "அக்கா சரின்னா ஃபீஸக் கட்டிருதேன்" என்று சுடலைமுத்து மறுபடியும் பந்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

சென்னையில் இருக்கிற பழைய ஆபீஸ் நண்பருக்கு போன் போட்டேன். "அருமையான படிப்பு, விட்டுடாதீங்க" என்றார். விட்டுடாதீங்களா? இவருக்கு ஏன் இத்தனை ஆர்வம்? யாராவது சொந்தக்காரர் டியூஷன் சென்டர் வைத்திருப்பாரோ? இன்னொருவரிடம் கேட்டேன். "அப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார். அவரை நம்பினேன். ஒன்றுமே தெரியாதவரை நம்புவதில் அப்படி ஒரு நிம்மதி.

புதன்கிழமை கோமதி இரண்டு தடவை வந்தாள். இரண்டாம் தடவை லேப்டாப்போடு வந்தாள். ஃபாரம் முழுக்க நிரப்பியிருந்தாள். அப்பா போனுக்கு வருகிற ஓ.டி.பி. ஒன்றுதான் பாக்கி. சுடலைமுத்து என் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு இன்னொருத்தர்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

கேட்கவும் கேட்டேன். வியாழக்கிழமை காலை, ஆக்சுவரியாகவே வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் நம்பர் கிடைத்தது. கோமதி சொன்ன ஒவ்வொன்றும் சரி என்றார். காலேஜ் கிடையாதுதான், பல வருஷம் ஆகும்தான், தானும் நாலைந்து பேப்பரில் ஃபெயிலானவர்தான் என்றார். போனை வைத்துவிட்டு வெப்சைட்டைத் திறந்தால்... விண்ணப்பம் மூடியிருந்தது.

வெட்கமாக இருந்தது. அரையாண்டு லீவிலிருந்து அந்தப் பெண் இதற்காகத் தனியாகப் படித்திருக்கிறாள். அன்றுதான் கடைசி நாள் என்று தெரிந்தேதான் "நாளைக்கு" என்றேன். ஏமாற்றுக்காரனிடமிருந்து தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்ட பெண்ணை நிஜமான பரீட்சைக்குப் போகவிடாமல் நான் தடுத்திருக்கிறேன். கோட் போட்ட தம்பி செய்யாத கெடுதலை நான் செய்திருக்கிறேன்.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். "முத்து, தப்பு என்மேல. அடுத்த தடவ அவள எழுத விடு" என்றேன். அவர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். சரி என்றார். இப்போதைக்கு பி.எஸ்சி. புள்ளியியலில் சேர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. அதற்காவது பார்க்க ஒரு கட்டடம் இருக்கிறது. அடுத்த நுழைவுத் தேர்வுக்குச் சில மாதம் காத்திருக்க வேண்டும்.

கோமதி வாசல்வரை கூடவே வந்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகச் சொன்னாள்.

"சந்தேகப்படுதது தப்பில்ல அத்தை. ஆனா அதுக்கும் ஒரு கடைசித் தேதி வச்சுக்கிடுங்க."