பானைக்குள் மாட்டிய கரடி

எண்பத்தேழாம் ஆண்டு, புரட்டாசி பிறந்த வாரம். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் பஸ் ஓடவில்லை. அந்த வாரத்தின் பெரிய செய்திகளைப் பிறர் எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது என் நான்கு வயது மகளின் படக்கதைப் புத்தகத்தைப் பற்றி.

மறியலுக்குச் சில நாள் முன்பு சின்னசேலத்தில் ரயிலைவிட்டு இறங்கியபோது, ஸ்டேஷன் எதிரே ஒரு கடையில் அதை வாங்கினேன். கல்வராயன் மலைக் கதை. தேன் பானைக்குள் தலையை விட்ட கரடி மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறது. கண் தெரியாமல் மரங்களில் முட்டித் திரிகிறது. கடைசியில் ஒரு சிறுமி கல்லெறிந்து பானையை உடைக்கிறாள். கரடியின் மயிரைக்கூட ஒவ்வொன்றாக வரைந்திருந்தார்கள்.

எங்கள் பிரதியில் மட்டும் ஒரு கோளாறு. கதையின் பின்பாதியை முன்னால் வைத்துத் தைத்துவிட்டார்கள். அதனால் கரடி பானையோடு வந்து, விடுபட்டு, பிறகு தேனைக் கண்டு தலையை விட்டது. கடைசிப் பக்கத்தில் பானையோடு காட்டுக்குள் போய்விட்டது.

"இங்க பாரு, அந்தப் பொண்ணு ஒடச்சிட்டா" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"அது மொதல்ல மாட்னப்ப. இது ரெண்டாவது வாட்டி" என்றாள் மகள்.

முன்னால் நடந்ததை முன்னால்தான் எழுத வேண்டும் என்று பலரிடம் சண்டை போட்டவன் நான். அவள் சொன்னதும் அதே நியாயம்தான்.

எங்கள் மாடியிலிருந்து மலை தெரியும். மகள் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னும் முட்டிக்கினே கீதுப்பா" என்பாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊர்ல கோரிக்க வெச்சி ரோட்ல ஒக்காந்துகிறாங்க. நம்ம வூட்ல ஒண்ணு மாடில ஒக்காந்துகிது. போய் மாத்திக்கினு வாங்க" என்றாள் மனைவி.

சைக்கிளில் சின்னசேலத்துக்குக் கிளம்பினேன். வழியில் சாய்ந்து கிடந்த ஒரு புளியமரத்தின் மேல் இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா சார், கல்யாணமா, சாவா?"

"புக்கு மாத்தணும்பா."

ஒருவன் வாங்கிப் புரட்டினான். "டேய், கரடி போவுது, வழி வுடுங்கடா!" என்று கத்தினான். சிரித்துக்கொண்டே சைக்கிளை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள்.

கடைக்காரர் பாதிக் கதவைத்தான் திறந்திருந்தார். சரியான பிரதியைக் கொடுத்தார். பழையதை அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பும் புத்தகக் கட்டுக்குள் செருகினார்.

வீட்டில் மகள் புதியதைக் கடைசிவரை பார்த்தாள். கரடி விடுபட்டது. நிமிர்ந்து கேட்டாள்: "இது வேற கரடி. நம்ம கரடி எங்க?"

"கடைல."

"பானையோடயா?"

கீழுதடு துடித்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சைக்கிள் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நாளைக்கிக் காலைல போங்க. ஒண்ணும் பேசாதீங்க."

மறுநாள் அதே மரம், அதே இளைஞர்கள்.

"இன்னா சார், இதுவும் தப்பா கீதா?"

"இல்லப்பா, பழைய கரடிய இட்டாரணும். பொண்ணு அழுவுது."

ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். பக்கத்திலிருந்தவன் அவனை அதட்டினான். "எம் பொண்ணும் இப்டித்தான் சார்" என்று சைக்கிளைத் தானே தூக்கினான்.

கடைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "நல்லதக் குடுத்தப்புறம் கெட்டதயும் கேக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்று முணுமுணுத்தபடி கட்டை அவிழ்த்தார்.

பழைய புத்தகத்தை மகள் தரையில் விரித்தாள். கடைசிப் பக்கம்; பானையோடு கரடி. புதியதை அதன் பக்கத்தில் ஒட்டி வைத்து, சிறுமி கல்லோடு நிற்கும் பக்கம் வரும்வரை புரட்டினாள். கல்லின் மேல் விரலை வைத்து, அப்படியே இழுத்து வந்து பானையில் முட்டினாள்.

"டப்!"

மனைவி ஒரு பிடி சோற்றை நீட்டினாள். மகள் கரடியைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். அதன்பின் அந்த இரண்டு புத்தகங்களையும் பிரித்து, ஒன்றை மட்டும் யாருக்கும் இரவல் கொடுக்க அவள் விட்டதில்லை.