எச்சில் தொட்டுத் துடைத்த கடிகாரம்

சனிக்கிழமை காலை ஆறே கால் மணிக்குக் கோயம்புத்தூரில் ரயில் ஏறினேன். எர்ணாகுளம் வரை ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர், உட்காரும் வகுப்பில் நூற்றுப் பத்து ரூபாய். தோள்பையில் இரண்டு இட்லிப் பொட்டலம், ஒரு தண்ணீர் பாட்டில், இறுக்கிக் கட்டிய சில பிளாஸ்டிக் உறைகள், ஈயத் தகட்டில் சுற்றிய ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் ஒரு பழைய பைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட வைத்தது நான்தான். ஓட வைக்காமல் இருந்திருக்கலாம்.

விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பைக்கடிகாரங்களைப் பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு, மறுபடி ஓட விடுவது என் பொழுதுபோக்கு. எட்டு வருடங்களில் முப்பத்தொரு கடிகாரங்கள். இந்தக் கடைசி ஒன்றை உக்கடத்தில் பழைய சாமான் விற்பவரிடம் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு வாங்கினேன். முதுகில் அம்புக்குறி பொறித்த ராணுவக் கடிகாரம். கறுப்பு டயல், எண்களின் மேல் பழுப்பேறிய தடித்த பூச்சு. இருட்டில் ஒளிர்வதற்காக அந்தக் காலத்தில் பூசியது. இருட்டறையில் வைத்துப் பார்த்தேன், துளியும் ஒளிரவில்லை. செத்துப்போன பூச்சு, பயமில்லை என்று நினைத்துவிட்டேன்.

பழைய கடிகாரம் பிரிக்கும் எங்கள் வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. டயலைத் தண்ணீரால் துடைத்தால் எழுத்து அழிந்துபோகும். எச்சில்தான் அதற்கு மருந்து. பஞ்சுக்குச்சியை நாக்கில் தொட்டு, மெல்ல உருட்டித் துடைத்து, மறுபடி நாக்கில் தொட வேண்டும். வலது பாதியை நான் துடைத்தேன். இடது பாதியை என் மனைவி சுமதி துடைத்தாள். அவள் ஆரி எம்ப்ராய்டரி செய்கிறவள், கை நடுங்காது. "எச்சில் தொட்டுத் துடை, தண்ணி கிட்டயே வரக்கூடாது" என்று அவளுக்குப் பாடம் எடுத்ததும் நான்தான்.

எச்சில் தொட்டுத் துடைத்தது என்று எழுதி, படத்தைக் கடிகாரப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் போட்டேன். புதன்கிழமை மட்டாஞ்சேரியிலிருந்து லலிதா மேடம் தனியாக ஒரு வரி அனுப்பினார். எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குழுவில் விஷயம் தெரிந்தவர். "அது ரேடியம் பெயிண்ட் ஆக்கும் சார். யாரோட வாயில போச்சு அந்தப் பஞ்சு?"

பூச்சில் ஒளிர்கிற மருந்து வேறு, கதிர் விடுகிற ரேடியம் வேறு. மருந்து சில பத்தாண்டுகளில் செத்துவிடும். ரேடியம் பாதியாகக் குறையவே ஆயிரத்து அறுநூறு வருடம். இதைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இரண்டையும் ஒருவனே செய்தால் என்ன சொல்வார்களோ தெரியவில்லை.

மேடத்திடம் கதிர்வீச்சு அளக்கும் மீட்டர் இருக்கிறது. கடிகாரத்தோடு கருவிகள், துணி, பஞ்சுக்குச்சி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் கட்டிக்கொண்டு வரச் சொன்னார். சுமதியிடம் கண்ணாடி மூடி வாங்கப் போவதாகச் சொன்னேன். மூன்று நாளாக அவள் சாப்பிடும்போதெல்லாம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை லேசாக இருமினாள், நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

7.40. பாலக்காட்டில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி கணவனோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் பை அவள் காலடியில் இருந்தது. அதை இழுத்து மடியில் வைத்தேன். மடியில் வைத்தால் அவள் வயிற்றுக்கு இன்னும் பக்கம். மேலே வைக்கலாமென்றால் அவள் தலைக்கு மேல் வரும். எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டேன்.

கணவன் பின்னாலேயே வந்தான். "சாரே, சீட் உங்களோடதுதானே? எதுக்கு இங்க நிக்கறீங்க?"

"காத்து வேணும். அவங்க நல்லா சாஞ்சு உக்காரட்டும்."

அவன் என்னையும், நான் கட்டிப்பிடித்திருந்த பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான். மூடிய கண்ணாடிக்குள் இருக்கும் கடிகாரம் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவரை ஒன்றும் செய்துவிடாது என்று எனக்குத் தெரியும். கணக்குப் போட்டே காட்டுவேன். ஆனாலும் திருச்சூர் தாண்டி அவர்கள் ஆலுவாவில் இறங்கும்வரை நான் உட்காரவில்லை. பயம் வந்தவனுக்குக் கணக்கு உதவாது.

10.20. இடப்பள்ளி தாண்டி, எர்ணாகுளம் தெற்கு நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து ஹைகோர்ட் வாட்டர் மெட்ரோ படகுத்துறைக்கு ஆட்டோவில் எழுபது ரூபாய். ஃபோர்ட் கொச்சிக்குப் படகுச் சீட்டு நாற்பது ரூபாய். நுழைவாயிலில் காவலாளி பையைக் கையில் வாங்கியதும் அவர் தோள் இறங்கியது. ஈயத்தின் கனம் அப்படி.

"இதெந்தா, கல்லா?"

"பழைய கடிகாரம். உடைஞ்சுடும்னு சுத்தியிருக்கேன்."

டப்பாவைத் தூக்கிக் காதில் வைத்தார்.  இதை இப்படி எடுத்துப் போகலாமா கூடாதா என்பதே எனக்குத் தெரியாது. விசாரித்தால் எந்தச் சட்டத்தில் மாட்டுவேனோ? அவர் முகம் மலர்ந்தது. "ஓடுன்னுண்டல்லோ" என்று, ஓடுகிறதே என்ற வியப்பில் பக்கத்துக் காவலாளியையும் கூப்பிட்டார். அவரும் காது வைத்துக் கேட்டார். இரண்டு பேரும் என்னைக் கைராசிக்காரன் போலப் பார்த்து உள்ளே விட்டார்கள்.

படகில் குளிர்சாதனம், பெரிய கண்ணாடி ஜன்னல்கள். இருபது நிமிடப் பயணம். இடப்பக்கம் சரக்குக் கப்பல்களும் கிரேன்களும், தண்ணீரில் மிதந்து போகும் ஆகாயத்தாமரைத் திட்டுகளும். பார்க்க வேண்டிய காட்சிதான். நான் பார்த்ததெல்லாம் கைபேசியில் சுமதியின் செய்தி. "போய்ச் சேந்தாச்சா? பல் கொஞ்சம் கூசுது, டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் போடட்டுமா?" ரேடியம் எலும்புக்கும் பல்லுக்கும் போகும் என்று நானே படித்திருந்தேன். அவளுக்குப் பல் கூச்சம் மூன்று வருடமாக இருக்கிறது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. 

11.35. ஃபோர்ட் கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். ஓட்டுநர் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "அண்ணா, ஆன்டிக் வாங்கணோ விக்கணோ? ரெண்டுக்கும் எனக்குத் தெரிஞ்ச கட உண்டு."

"ரெண்டும் இல்லைங்க சேட்டா. ஒரு வீட்டுக்குப் போகணும்."

"வீட்டுக்கோ? முகம் கண்டா ஆஸ்பத்திரிக்குப் போற போல உண்டு." அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

யூதத் தெரு முனையில் இறக்கிவிட்டார். சுக்கும் மிளகும் மூட்டையாகக் கிடக்கும் கிடங்குகளின் காரநெடி மூக்கில் ஏறியது. அடுத்தடுத்துப் பழம்பொருள் கடைகள். முன்பு இரண்டு முறை வந்தபோது இந்த முந்நூறு அடியைக் கடக்க எனக்கு அரை நாள் ஆனது. ஒரு கடைவாசலில் தட்டு நிறையப் பித்தளைப் பைக்கடிகாரங்கள், ஒன்று ஆயிரத்து ஐந்நூறு, எல்லாம் போன வருடம் செய்த ‘பழைய’ கடிகாரங்கள். அவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் நிஜமான பழையது ஒன்று இருந்தது, கறுப்பு டயல், பழுப்பு எண்கள். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி அதைக் கையில் வாங்கி, கண்ணாடி மூடி இல்லாத டயலை விரலால் தடவினாள். பிறகு அதே விரலால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். சொல்ல வாயெடுத்தேன். என் வாயிலிருந்து வந்தது "எக்ஸ்க்யூஸ் மீ" மட்டும்தான். வழி விடச் சொல்கிறேன் என்று நினைத்து நகர்ந்து நின்றாள். கை கழுவச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு வாக்கியம் போதும். அதைச் சொல்லாமல் நகர்ந்தது என் கோழைத்தனம், வேறு பெயர் இல்லை.

12.00. லலிதா மேடத்தின் வீடு பின்சந்தில், கீழே மசாலாக் கடை, மேலே வீடு. பாலக்காட்டிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்த தமிழ்க் குடும்பம். அறுபத்தைந்து வயது இருக்கும், பருத்திச் சேலை, கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி. நான் கும்பிட்டேன்.

"வாங்கோ. ஆதியம் கை அலம்புங்கோ. சோப்பு போட்டு ரெண்டு தரம். அப்பறம் சாயா."

மேசைமேல் செய்தித்தாள் விரித்து, கையுறை போட்டு, மீட்டரைத் தட்டினார். கைக்கு அடக்கமான டப்பா. டிக் என்றது. சற்று நேரம் கழித்து இன்னொரு டிக். "இது எல்லாடத்திலயும் உள்ளது. காத்துல, மண்ணுல. இதுக்குப் பேடிக்கண்டாம், பயப்பட ஒண்ணுமில்லை." கடிகாரத்தின் பக்கம் கொண்டுபோனார். தகரக் கூரையில் மழை விழுந்த மாதிரி சடசடவென்று கொட்டியது. கடிகாரத்தை எடுத்து அறைக்கோடி அலமாரியில் வைத்துவிட்டு வந்து, என் இடுக்கி, உருப்பெருக்கி, சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த துணி மூன்றின் மேலும் காட்டினார். பெரிதாகச் சத்தமில்லை. கடைசியாகப் பஞ்சுக்குச்சிகள் இருந்த உறை. மழை மறுபடி கொட்டியது.

 பூச்சு பஞ்சுக்கு வந்திருக்கிறது. பஞ்சு வாய்க்குப் போயிருக்கிறது.

"ஒரு குச்சியை எத்தனை தரம் வாயில வெச்சேள்?"

"பத்து. பதினஞ்சுகூட இருக்கும்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

அவர் பொய் ஆறுதல் சொல்லவில்லை. "உள்ள போனதுல முக்காலும் வயித்தோட வெளிய போயிடும். கொஞ்சம் எலும்புல தங்கும். எவ்வளவுன்னு இந்த மீட்டர் பறயாது. அதுக்கு டெஸ்ட் உண்டு, டாக்டர்கிட்ட எல்லாம் தொறந்து சொல்லணும். அனேகமா ரொம்பக் கொறச்சலாத்தான் இருக்கும். இல்லவே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன்."

பிறகு அலமாரிக்குப் போய், கண்ணாடி வழியாக டயலை வெகுநேரம் பார்த்தார். "வலது பாதி நன்னாருக்கு. இடது பாதியில எழுத்தோட ஓரமெல்லாம் கரைஞ்சிருக்கு. தண்ணி தொட்டேளா?"

"எங்க வீட்டுல டயல் கிட்ட தண்ணியே வராது மேடம்" என்றேன். அந்த நிலையிலும் எனக்கு அந்தப் பெருமை.

"செரி. ஆத்துக்காரிக்குத் தெரியுமோ?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"நீங்க ஊருக்குப் போய்ச் சொல்றேன்னா சொல்லமாட்டேள். இப்பவே விளிச்சுச் சொல்லுங்கோ. நான் உள்ள சாயா போடறேன்."

12.50. மாடிப்படியில் உட்கார்ந்து அழைத்தேன். கீழே கடையில் யாரோ கிராம்பு எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி மூடி வாங்க வரவில்லை என்பதில் ஆரம்பித்து, ரேடியம், பஞ்சு, எலும்பு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். உன் வாயில் நஞ்சை வைக்கச் சொன்னவன் நான்தான் என்றும் சொன்னேன். மறுமுனையில் அவள் தையல் சட்டகத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சுமதி?"

"ஏங்க, நான் வாயில வெக்கவே இல்லீங்களே."

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு அருவருப்பா இருந்துச்சு. யாரு தொட்ட கடிகாரமோ, எந்தப் பொணத்துப் பையில கெடந்துச்சோ. சொன்னா நீங்க ஒரு மணி நேரம் கிளாஸ் எடுப்பீங்க. அதான் மடியில சின்னக் கிண்ணத்துல தண்ணி வெச்சுக்கிட்டனுங்க. நீங்க பாக்கறப்ப மட்டும் பஞ்சை வாய்கிட்ட கொண்டுபோவேன்."

"ஒரு தடவைகூடவா இல்லை?"

"ஒரு தடவைகூட இல்லீங்க. எழுத்து கொஞ்சம் போயிருச்சு. நீங்க திட்டுவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன்."

நான் அழுதேன். படியில் உட்கார்ந்து, கிராம்பு வாங்க வந்தவர்கள் நிமிர்ந்து பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன். கல்யாணமாகி இருபத்தொரு வருடம். என் பேச்சை அவள் மீறியபோதெல்லாம் கோபப்பட்டிருக்கிறேன். இந்தத் தடவை அவள் நான் சொன்னதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அழுகை நின்றதும் அவள் கேட்டாள். "நீங்க?"

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தேன்.

"நீங்க வாயில வெச்சீங்களா?"

"வெச்சேன்."

இப்போது அவள் அழ ஆரம்பித்தாள்.

2.30. கடிகாரத்தையும் பஞ்சையும் மேடத்திடமே விட்டுவிட்டேன். மற்றவற்றோடு சேர்த்துப் பூட்டி வைப்பதாகச் சொன்னார். அவரிடமும் இதுபோல மூன்று இருக்கின்றனவாம். திரும்பும் வழியில் அந்தக் கடைக்குள் போய், கறுப்பு டயலைக் காட்டி, அது என்ன பூச்சு என்று கடைக்காரரிடம் சொன்னேன். வியாபாரத்தைக் கெடுக்க வந்தவன் என்று முறைத்தாலும், கேட்டுக்கொண்டார். அந்த வெளிநாட்டுப் பெண் போய்விட்டிருந்தாள். அவளைத் தெருவில் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மாலை ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. யாரும் பக்கத்தில் உட்காரலாம், நான் எழ வேண்டியதில்லை. ஊருக்குப் போகிற சந்தோஷம் வரவில்லை. திங்கட்கிழமை முதல் ஆளாக ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும், டாக்டரிடம் எச்சில் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர் என்ன சொல்வாரோ என்ற பயம் அப்படியே இருந்தது. ஆனால் காலையில் இருவருக்காகப் பயந்தேன், இப்போது எனக்காக மட்டும். அவளோ கோயம்புத்தூரில் உட்கார்ந்து எனக்காகப் பயந்துகொண்டிருந்தாள். வாளையாறு தாண்டும்போது அவளிடமிருந்து செய்தி வந்தது. ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறாளாம், ரயில் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போதே.