சனிக்கிழமைச் சைவம்

ஸ்பானிஷ் கடை எங்கள் பகுதியான லாசாலில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு கிளை திறக்கப் போகிறது என்று அப்பா வந்து சொன்ன அன்று நான் அழுதேன். எனக்கு ஒன்பது வயது. ஊரை விட்டு வரும்போது அழாதவன், பனியில் சறுக்கிப் பல் உடைந்தபோது அழாதவன், ஒரு கோழிக்கடைக்காகக் கண் கலங்கினேன். வாழ்க்கையில் எது முக்கியம் என்பது எனக்கு அப்போதே தெளிவாக இருந்தது. அதைத்தான் இப்போது டொக்டர் மாற்றச் சொல்கிறார்.

கடைக்காரர்கள் பெரு நாட்டவர்கள். ஸ்பானிஷ் கதைப்பதால் எங்கள் வீட்டில் அது ஸ்பானிஷ் கடை. கரியில் சுட்ட கோழியும், பச்சை மிளகாய் அரைத்த ஒரு சோஸும் தருவார்கள். இந்த நாட்டில் தனக்குக் கண்ணீர் வரவைத்த ஒரே சாப்பாடு அதுதான் என்று அப்பா மரியாதையோடு சொல்வார். பழைய கடை ஜோன் தலோன் பக்கம். பஸ் பிடித்து, மெட்ரோ மாறி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை போவோம்.

கடையின் முதலாளி அம்மா எந்தப் பெண்ணைக் கண்டாலும் ‘மாமி’ என்பார். அது அவர்கள் பாஷையில் ஒரு செல்லச் சொல். எனக்கு அது தெரியாது. என் அம்மாவை அவர் மாமி என்று கூப்பிட்டபோது, இந்த அம்மா என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறாராக்கும் என்று பயந்தேன். பிறகு கோழியை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்பாவை ‘பாப்பி’ என்பார். அப்பாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. “என்னைப் பாத்தாப் பாவி மாதிரியே கிடக்கு?” என்று சாப்பாடு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு நிஜமாகவே ஒரு மாமி இருந்தார். அம்மாவின் தம்பியின் மனைவி. முதலில் அவர் வந்து எங்களோடு தங்குவது, மாமன் பின்னால் வருவது என்று ஏற்பாடு. மாமி வந்துவிட்டார். கொழும்பில் லொட்ஜில் இருந்த மாமனை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. மாமி தையல் தொழிற்சாலைக்குப் போனார், வந்தார், தொலைபேசிக்குப் பக்கத்தில் படுத்தார். வீட்டில் கிளி கொறித்த மாதிரிச் சாப்பிடுகிறவர், ஸ்பானிஷ் கடையில் மட்டும் கையை நக்கிச் சாப்பிடுவார். “அவர் வந்த உடனை முதல் இங்கைதான் கூட்டிக்கொண்டு வரவேணும். உறைப்பு இல்லாட்டி அவருக்குத் தொண்டையாலை இறங்காது” என்பார். ஒவ்வொரு முறையும் சொல்வார். நாங்களும் ஒவ்வொரு முறையும் ஓம் என்போம்.

புதுக் கிளை திறந்தது ஒரு சனிக்கிழமை. அன்று காலை, மாமி வேலையில் இருந்த நேரத்தில், கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. மாமன் இல்லை. என்னை வெளியே போய் விளையாடச் சொன்னார்கள். வழக்கமாக விளையாடினது போதும் என்று கூப்பிடுகிறவர்கள் அன்று கூப்பிடவேயில்லை, நான் அதை என் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே அம்மா அப்பாவிடம் சொன்னதை அப்பா எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் சொன்னார்.

“சொன்னமெண்டால் இனி அவ மச்சம் மாமிசம் தொடமாட்டா. முப்பத்தோராம் நாள் காரியம் முடிஞ்சாலும் தொடுவாவோ தெரியாது. பொட்டும் போயிடும். கடைக்குக் கூட்டிக்கொண்டு போவம். ஒரு நேரமாவது வடிவாச் சாப்பிடட்டும். பேந்து வீட்டை வந்து சொல்லுவம்.”

அப்படித்தான் போனோம். வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். கதிரைகளில் இன்னும் பிளாஸ்டிக் உறை கழற்றாத வாசம். முதலாளி அம்மா ஓடி வந்து மாமியைக் கட்டிப்பிடித்து, பிரெஞ்சில் என்னவோ கேட்டார். வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளன் நான்தான்.

“மாமா எப்ப வாறார் எண்டு கேக்கிறா.”

“வருவார் எண்டு சொல்லு தம்பி.”

நான் சொன்னேன். அத்தோடு, சீக்கிரமே என்ற அர்த்தத்தில், ‘கெதியில்’ என்று ஒரு சொல்லை என் சொந்தச் செலவில் சேர்த்தேன். முதலாளி அம்மா கை தட்டினார். அப்பா பலூன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா கோழி சொன்னார். அம்மா தனக்குச் சோறும் அவரைக்கொட்டையும் வாழைக்காய்ப் பொரியலும் போதும் என்றார்.

“ஏன் மச்சாள், கோழி வேண்டாமே?” என்று மாமி கேட்டார்.

“வயிறு சரியில்லை மச்சாள். நீங்கள் சாப்பிடுங்கோ.”

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. போன வாரம்வரை என்னோடு போட்டி போட்டுக் கோழி தின்றவர் அம்மா. ஆனால் செத்தது கூடப் பிறந்தவன். சிப்பந்தி திரும்பிப் போகும்போது அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. என்னை இழுத்து, “கோழி எடுத்த கரண்டியைச் சோத்துக்குள்ளை போடவேண்டாம் எண்டு சொல்லு. வேறை கரண்டி” என்றார். வயிற்று வலிக்கு எதற்கு வேறு கரண்டி என்று எனக்கு விளங்கவில்லை. பிரெஞ்சிலும் அது நன்றாக வரவில்லை. சிப்பந்தி எங்களுக்கு நாலு கரண்டி கொண்டு வந்து வைத்தான்.

அம்மா முகம் கழுவப் போனார். அப்பா பின்னால் போனார். மாமி என் பக்கம் குனிந்தார்.

“தம்பி, இண்டைக்கு வெள்ளியே?”

“சனி மாமி. நேற்றெல்லோ வெள்ளி. கத்தரிக்காய் திண்டமே.”

“ஓம், என்ன,” என்றார். அம்மாவின் தட்டைப் பார்த்தார். தன் தட்டைப் பார்த்தார். கை அப்படியே மேசையில் இருந்தது.

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்ததும் மாமி சாப்பிடத் தொடங்கினார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு துண்டாக, எலும்பிலிருந்து நூல் நூலாகப் பிரித்து, மென்று சாப்பிட்டார். முடிந்ததும், “அண்ணை, இன்னொரு கால் சொல்லுங்கோ” என்றார். அதற்குமுன் அவர் எதையும் கேட்டு வாங்கியதில்லை. அப்பா சந்தோஷத்தில் ஒரு அரைக் கோழியே சொன்னார். நல்ல வேலை செய்தோம் என்ற மாதிரி அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கண்ணால் தண்ணீர் ஓடியது.

“சோஸ் சரியான உறைப்பு,” என்றார் அம்மா.

“ஓம் மச்சாள்,” என்றார் மாமி. “இண்டைக்கு நல்ல உறைப்பு.” அந்தச் சோஸை அவர் தொட்டிருக்கவில்லை.

வாசலில் ஆட்கள் மேசைக்காக வரிசையில் நின்றார்கள். அப்பா எழும்பினார். மாமி எழும்பவில்லை. “கொஞ்சம் இருங்கோ அண்ணை, இன்னும் முடியேல்லை” என்று ஒரு எலும்பைத் திரும்பக் கையில் எடுத்தார். அதில் ஒன்றும் இருக்கவில்லை. அப்பா மறுபடி உட்கார்ந்தார்.

கோழியின் மொறுமொறுத்த தோலை மாமி எப்போதும் உரித்து என் தட்டில் வைப்பார். அன்று இரண்டு முறையும் அதைத் தானே சாப்பிட்டுவிட்டார். என் பக்கம் திரும்பவேயில்லை. மாமிக்கு இப்படி ஒரு பேராசை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வீடு போய்ச் சேரும்வரை அவரோடு கதைப்பதில்லை என்று முடிவெடுத்து, கையைக் கட்டிக்கொண்டு, அவர் எப்போது முடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.