வாயில் வராத கேள்வி

பக்கத்து வீட்டு அம்மணி பள்ளிக்கூட ஆசிரியை. நேற்றுக் காலை கறிவேப்பிலை கேட்டுப் போனேன். அடுப்பில் அரிசிம்பருப்புச் சோற்றுக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்ந்து நின்ற கைபேசி, மாணவர் தற்கொலைத் தடுப்புப் பற்றித் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. "டிரெய்னிங்குங்க அக்கா. இது ஓடி முடிஞ்சா சர்ட்டிபிகேட் வந்துருமுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தைக்குச் சாப்பாடு கட்ட வேண்டும், ஸ்கூல் வேன் வந்து நிற்கும்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் தாளிப்பு வாசம் போகவில்லை. எனக்கு அது சத்துணவு சமைக்கிற பள்ளிக்கூட வாசம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே பயிற்சியைத்தான் நடத்தினேன். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. சார்ட் பேப்பரைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு பவானி, தொண்டாமுத்தூர் என்று பஸ்ஸில் அலைவேன். காலண்டர் விற்கிறவள் என்று நினைத்த கண்டக்டர்கள் உண்டு. தொண்டாமுத்தூரில் ஒரு நாள் பக்கத்துத் தோப்பில் யானை இறங்கிவிட்டதென்று எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடிவிட்டார்கள். அங்கே நான் போனது யாருக்காவது நினைவிருந்தால் அது யானையால்தான்.

டீக்கு முந்தைய அரை மணி நேரம்தான் பயிற்சியின் உயிர். ஆசிரியர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் மாணவராக இருக்க, மற்றவர் நேராகக் கேட்க வேண்டும்: சாகணும்னு தோணுதா? அவ்வளவுதான். ஆனால் 'போறேன்' என்று சொல்லிக் கிளம்பினாலே 'வாரேன்னு சொல்லு' என்று திருத்துகிற ஊர் இது. "மனசு செரியில்லீங்களா?" என்பார்கள். "ஒண்ணு கெடக்க ஒண்ணு நெனைக்கறயா கண்ணு?" என்பார்கள். மாணவராக உட்கார்ந்தவரும் மரியாதையாக, "இல்லீங்க, நல்லாருக்கேனுங்க" என்று முடித்துவிடுவார். எனக்குத் தலைவலி வந்துவிடும்.

கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளி. சுற்றிலும் விசைத்தறிச் சத்தம், கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. தனலட்சுமி என்ற கணக்கு டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

"ஏனுங்க, வெள்ளிக்கெழமையும் அதுவுமா அந்த வார்த்தையச் சொல்லச் சொல்றீங்களே. நாம கேட்டா நாமளே எடுத்துக் குடுத்தாப்ல ஆயிருமுங்க."

கேட்பதால் அந்த நினைப்பு வந்துவிடாது, ஏற்கெனவே இருந்தால் பிள்ளைக்கு இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கும் என்று வழக்கம்போலச் சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

டீ வந்தது, கூடவே போண்டா. என் பேச்சைக் கேட்க வந்த கூட்டத்தில் பாதி போண்டாவுக்கு வந்தது என்று எனக்கொரு சந்தேகம் எப்போதும் உண்டு. தனலட்சுமி டீச்சர் போண்டாவைத் தொடாமல் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பத்தாவதுல ஒரு புள்ள இருக்குதுங்க. கணக்கு நல்லாப் போடும். நேத்து காம்பஸ் பெட்டி இல்லாம வந்துது. எங்கேன்னு கேட்டா, பக்கத்துப் புள்ளைக்குக் குடுத்துட்டேன், எனக்கு இனி வேண்டாங்க மிஸ்ஸுங்குது. பெரிய தர்மப்பிரபுவாக்கும்னு நான் சிரிச்சுப்போட்டேன். ஆசையா வெச்சிருந்ததைக் குடுத்தர்றதும் ஒரு அறிகுறின்னு நீங்க இப்ப எழுதிப் போட்டீங்கல்ல, அதுல இருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடலீங்க. நீங்களே கேட்டர்றீங்களா?"

"என்னை அந்தப் புள்ளைக்குத் தெரியாதுங்க டீச்சர். உங்களத்தான் தெரியும்."

ஆய்வகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். என்னை அந்தப் பெண்ணாக வைத்துச் சொல்லிப் பார்த்தார். முதலில் அந்த 'ஒண்ணு கெடக்க ஒண்ணு'தான் வந்தது. நான் "இல்லீங்க மிஸ்" என்றேன். மறுபடி தொடங்கி, அழுது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் என் கையைப் பிடித்து, "சாகணும்னு நெனப்பு வருதா சாமி?" என்று கேட்டார். பயிற்சிதான் என்று தெரிந்தும் அந்தக் கையை நான் உடனே விடவில்லை.

பிள்ளையை அழைத்து வந்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தறிச் சத்தத்தில் உள்ளே பேசியது எதுவும் கேட்கவில்லை, பயமாக இருந்தது. வெகு நேரம் கழித்து, பிள்ளையின் தோளை அணைத்தபடி டீச்சர் வெளியே வந்தார்.

"ஆமாங்குதுங்க. யாராச்சும் கேப்பாங்களான்னு பாத்துட்டிருந்துச்சாமா."

தறியில் இருந்த அவள் அம்மாவுக்கு ஆள் அனுப்பினோம். அவர் வரும்வரை டீச்சர் அவளைத் தனியே விடவில்லை. அன்றைக்கே எல்லோருமாகக் கோயமுத்தூரில் மனநல மருத்துவரிடம் போனோம். அவள் தேறி வர மாதங்கள் ஆயின. இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறாள், பொங்கலுக்கு டீச்சரைக் கூப்பிட்டுப் பேசுவாளாம்.

நேரில் போய் நடத்தும் பயிற்சி நின்று சில வருடங்களாகிவிட்டன. நிதி இல்லை என்றார்கள், ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்றார்கள், இரண்டும் பொய்யில்லை. எனக்கும் அலுத்துவிட்டது, முழங்கால் பஸ் படியேற விடுவதில்லை. நான் சொன்னதெல்லாம் அந்தக் காணொளியில் இருக்கிறது, என்னைவிடத் தெளிவாகவே சொல்கிறார்கள். ஆனால் அந்த நாட்களில் எந்தப் பள்ளிக்குப் போனாலும், டீ குடிக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து "எங்க கிளாஸ்ல ஒரு புள்ள இருக்குதுங்க" என்று தொடங்குவார். கைபேசியிடம் அதை யார் சொல்வார்கள்? யாரும் சொல்லாத அந்தப் பிள்ளைகள் இன்று காலையும் வருகைப் பதிவின்போது எழுந்து "உள்ளேன் மிஸ்" என்றிருப்பார்கள்.